பழுத்துவிட்ட மேனேஜர்

போன வாரம் நான் செய்த சென்சார், ஒரு மனிதரைப் பார்த்து ‘பழுத்துவிட்டது’ என்று கத்தியது. அந்த மனிதர் என் மேனேஜர் என்பதுதான் சிக்கல்.

என் வேலை என்னவென்று கேட்டு வாசகர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். பாதி நாள் பல்கலைக்கழக லேப்; மீதி நாள் ஒரு சென்சார் கம்பெனி. இரண்டு ஐடி கார்டு, இரண்டு பாஸ். சென்சார் வேலை செய்தால், “ஏன் வேலை செய்யுது?” என்பார் பேராசிரியர். செய்யாவிட்டால், “ஏன் வேலை செய்யலை?” என்பார் மேனேஜர். இரண்டுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போதைய ஐட்டம், பலா பழுத்ததைக் கண்டுபிடிக்கும் சென்சார். துவரம்பருப்பைவிடச் சிறிய செமிகண்டக்டர் சில்லு. பழத்தின் வாசனை அதன்மேல் பட்டால் அதில் ஓடும் மின்சாரம் மாறும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் அலறும். லேப்பில் அழகாகவே அலறியது.

என் கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் பேராசிரியரும் மேனேஜரும் ஒரே மரத்தடியில் நின்று தலையாட்ட வேண்டும். ஆகவே கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரே காரில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்வரை, ஏசியா ஜன்னலா என்பதில்கூட இருவருக்கும் உடன்பாடில்லை. பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கட்சியில் இருந்தார். ஏனென்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் பூங்காவனம் என்ற பெண் விவசாயியின் நிலம். சாமை, மரவள்ளி போடுகிறவர். வரப்போரம் பலா மரங்கள்.

மேனேஜர் பெட்டியைக் கையில் வாங்கி ஸ்விட்சைப் போட்டார். மரத்தை நெருங்கக்கூட இல்லை... ஒரே அலறல்!

“இன்னாம்மா இது?” என்றார் பூங்காவனம். “காய உட்டுட்டு சாரப் பாத்து கத்திக்கினு கீது?”

கார் ஜன்னல் விவகாரம் இப்போதுதான் எனக்கு உறைத்தது. “சார்... சென்ட் போட்டிருக்கீங்களா?”

“லைட்டாதான்.”

பேராசிரியர் முகம் மலர்ந்தது. “பிரமாதம்! சென்ட்டுக்கும் பலாவுக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியலை. தனி பேப்பரே எழுதலாம்!”

“என்னைப் பத்தி பேப்பரா?” என்றார் மேனேஜர்.

அப்புறம் அவர் குழாயடியில் குளித்தார். பூங்காவனத்தின் கணவருடைய லுங்கியும் சட்டையும் அணிந்து வந்தார். பெட்டி வாயைத் திறக்கவில்லை. அப்பாடா! ஆனால் பலாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோதும் திறக்கவில்லை.

பேராசிரியர் முகர்ந்துபார்த்து, “பழம்தான்” என்றார். பூங்காவனம் தட்டிப்பார்த்தார். “நல்லா பழுத்துக்கிச்சிங்க. சத்தமே சொல்லுதே!”

“சென்சார் ஃபெயில்!” என்று தீர்ப்பளித்தார் மேனேஜர், லுங்கியை மடித்துக் கட்டியபடி.

சில்லின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. “அறுத்துப் பார்த்துடலாமே...” என்றேன், ஈனக்குரலில்.

பூங்காவனம் அறுத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று... சுத்தக் காய்! பால் பொங்கி வழிந்தது.

முதலில் சிரித்தவர் பூங்காவனம்தான். “அட, நானே ஏமாந்துட்டேனே! மிசினு கரெக்டாத்தான் சொல்லிக்கிதுங்க!”

கவனித்தீர்களா? மெஷின் ஒரு தடவை தப்பு செய்தால் அதன் பெயர் ஃபெயில். நாம் ஒவ்வொரு தடவையும் செய்தால் அதன் பெயர் அனுபவம்.

மற்ற இருவரும் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. ஒரு மஞ்சள் சுளையாவது அகப்படாதா என்று நான்கு கைகளும் காய்க்குள் இறங்கின. வெளியே வரும்போது விரலோடு விரல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“சோப்பு இருக்கா?” என்றார் மேனேஜர்.

“சோப்புக்கெல்லாம் போவாதுங்க. எண்ணெதான் தேய்க்கணும். வூட்ல கொஞ்சூண்டுதான் கீது, ரெண்டு பேரும் பாத்துத் தேச்சிக்கோங்க.”

பேராசிரியர் கையை நீட்டினார். மேனேஜர் தன் உள்ளங்கை எண்ணெயில் பாதியை அதில் வழித்துவிட்டார். ஒருவர் விரலை ஒருவர் உருவிவிட்டபடியே, “கான்ட்ராக்டை ஆறு மாசம் நீட்டிக்கலாமா?” என்று பேராசிரியர் கேட்க, “நீட்டிக்கலாம் சார்” என்று மேனேஜர் சொல்ல, பேசி முடித்தார்கள்.

பல்கலைக்கழகமும் தொழில்துறையும் கைகோக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே... கோத்ததை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். எண்ணெய் மட்டும் கொஞ்சம் செலவாகும்!