கருநீலத்தின் உப்பு

திருநகரைத் தாண்டி, திருமங்கலம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையில் இருக்கிறது எங்கள் மில். குளியல் துண்டு நெய்து, சாயம் ஏற்றி, வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். நூல், சாயம், கரண்ட், கூலி எல்லாம் கூட்டி ஒரு துண்டு என்ன விலைக்குக் கட்டும் என்று சொல்வது என் வேலை. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்த அம்மாவுக்கு இதை எத்தனை தடவை விளக்கினாலும், "துண்டுக்கு வெல சொல்லவா அம்புட்டுப் படிச்ச?" என்றுதான் கேட்பார்.

அந்த வருஷம் எங்களுக்கு வெள்ளைத் துண்டு ஆர்டர் எப்போதாவதுதான் வந்தது. ஓட்டல்காரர்கள் எங்கள் விலையைப் பார்த்துவிட்டுப் பேரம்கூடப் பேசாமல் போய்விட்டார்கள். அதே சமயம் கருநீலத்துக்கு ஆர்டர் வந்து குவிந்தது. மில்லில் எல்லோரும் அதை நேவி என்பார்கள். தறிகள் ஓயாமல் ஓடின. ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் தங்கவில்லை.

முதலாளி என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். அவர் பழி போட்டது பின்பக்கம் இருந்த சுத்திகரிப்பு ப்ளான்ட் மேல். சாயத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது. தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்ப எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொதிக்க வைத்து வற்றவிட்டால் கடைசியில் உப்பு நிற்கும். அதைச் சாக்கில் கட்டி அடுக்க வேண்டும்.

"நம்ம கழுத்தப் பிடிக்கிறது அந்த ப்ளான்ட்தாம்மா. அது இல்லாத ஊர்க்காரன் எல்லாம் கொறஞ்ச வெலைக்குக் குடுக்கிறான்," என்பார்.

நானும் தலையாட்டுவேன். ப்ளான்ட்டின் மொத்தச் செலவை எடுத்து, அந்த மாதம் ஓடிய துணியின் மொத்த எடையால் வகுத்து, எல்லாத் துண்டின் தலையிலும் ஒரே அளவாகப் போட்டுவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார். எட்டு வருஷமாக நானும் அதையே செய்தேன்.

அப்போதுதான் நேவி வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. ஒவ்வொரு துண்டின் விலையிலும் சுற்றுச்சூழலுக்கென்று ஆகும் செலவு எவ்வளவு, தனியாகப் பிரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

"ஏதாவது ஒரு நம்பர் போட்டு அனுப்பிரும்மா," என்றார் முதலாளி.

எனக்கு மனசு வரவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பின்பக்கம் நடந்து போனேன். ப்ளான்ட்டைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பது வயசுக்காரர், பக்கத்துக் கிராமத்தில் இருந்து டிவிஎஸ் வண்டியில் வந்து போகிறவர். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மேடம். ஆபீஸ்ல இருந்து இந்தப் பக்கம் வார மொத ஆளு நீங்கதான்."

"அண்ணே, ஒரு நாளைக்கு உப்பு எம்புட்டு வரும்?"

"எந்தக் கலருன்னு சொல்லுங்க."

"கலரா? சராசரியா சொல்லுங்கண்ணே."

"சராசரியெல்லாம் ஆபீஸ்லதான் மேடம் இருக்கு. இங்க அப்படி ஒண்ணும் வரல," என்று சிரித்துவிட்டு, சாக்கு அடுக்கியிருந்த ஷெட்டுக்குள் கூட்டிப்போனார்.

சுவர் முழுக்கச் சாக்பீஸ் கோடுகள். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அன்றைக்கு ஓடிய கலரின் பெயர். அதற்கு நேரே, ஒரு மூட்டைக்கு ஒரு கோடு. வெள்ளை ஓடிய நாளில் ஒன்றோ இரண்டோதான். இளம் ரோஸுக்குக் கொஞ்சம் கூட. நேவி ஓடிய நாட்களில் கோடுகள் வரிசையாகப் போய் ஜன்னல் சட்டத்தில் முட்டி நின்றன.

"இதை எதுக்குண்ணே எழுதினீங்க?"

"மூட்டை தூக்க இன்னொரு ஆளு வேணும்னு கேட்டேன். தெனமும் ஒரே வேலைதான, எதுக்கு ஆளுன்னாங்க. ஒரே வேலை இல்லைன்னு காட்டத்தான் எழுதி வச்சேன். இதப் பாக்க ஒருத்தரும் வரல."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே அந்த வெட்கம் போய், உள்ளே ஒரு குதூகலம் கிளம்பியது. பள்ளிக்கூடத்தில் கடினமான கணக்குக்கு விடை பிடிபடும்போது வருமே, அது. நேவிச் சாயம் துணியில் நிற்க நிறைய உப்புப் போட வேண்டும், திரும்பத் திரும்ப அலச வேண்டும். போட்ட உப்பு அத்தனையும் கடைசியில் இந்த ஷெட்டுக்குத்தான் வந்து சேர்கிறது. அதன் செலவில் ஒரு பங்கை வெள்ளைத் துண்டு சுமந்துகொண்டிருந்தது. சுமக்க வைத்தது நான்.

மூன்று வாரம் அவரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கலர் வாரியாக அளந்தேன். மூட்டை, பாய்லர் விறகு, தண்ணீர் வற்ற ஆகும் நேரம், ஒன்றையும் விடவில்லை. பிறகு பேப்பரை முதலாளி முன்னால் வைத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"அப்ப இத்தன நாளா நேவியை அடக்கத்துக்கும் கீழ குடுத்திருக்கோம். வெள்ளைக்கு இல்லாத வெலையைச் சொல்லி ஆர்டரை நாமளே தொரத்திருக்கோம். அப்படித்தான?"

"ஆமா சார். எல்லாத்துக்கும் ஒரே அளவாப் போட்டது நான்தான்."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவரோ நாற்காலியில் சாய்ந்து, ஒரு பாரம் இறங்கின மாதிரி சிரித்தார். "அந்த ப்ளான்ட்டக் கட்டினதுக்கு எங்கப்பாவோட எத்தன நாள் சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? தப்பு அதுல இல்ல போல!" என்று சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு டீ சொன்னார்.

வெள்ளையின் விலையை இறக்கினோம், நேவியின் விலையை ஏற்றினோம். ஒரே வாரத்தில் ஓட்டல் துண்டுக்கு ஆர்டர் வந்தது. ஆனால் எங்கள் சாய மாஸ்டர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். முப்பது வருஷ அனுபவசாலி. நேவிதான் அவருக்குப் பெருமை. மதியம் சாப்பிட உட்காரும்போது டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போவார். "என் கலரைப் போயி உப்பு மூட்டையா எண்ணிட்டு வந்திருக்கா," என்று மற்றவர்களிடம் சொன்னதாகக் காதில் விழுந்தது.

நேவி கம்பெனிக்காரர்கள் பதில் எழுதினார்கள். இவ்வளவு நேர்மையாகப் பிரித்துக் காட்டியதற்கு நன்றி, ஆனால் இந்த விலை கட்டாது, உப்பைக் குறைக்க வழி உண்டென்றால் அடுத்த சீசன் வரை காத்திருக்கிறோம் என்று. முதலாளி அதை மாஸ்டருக்குத் தமிழில் படித்துக் காட்டினார். கேட்டு முடித்ததும் மாஸ்டர் எழுந்து போனார்.

மறுநாள் காலையில் நான் வரும்போது மாஸ்டர் ப்ளான்ட்டில் நின்றிருந்தார். சாயத்தை மட்டும் வடித்து நீக்கிவிட்டு, மிஞ்சும் உப்புத் தண்ணீரைப் புது உப்புக்குப் பதிலாகத் திரும்பவும் சாயத் தொட்டியில் ஊற்றலாம் என்று ப்ளான்ட் அண்ணன் எப்போதோ சொன்னதுண்டு. "அடுத்தவன் குளிச்ச தண்ணில நான் குளிக்கவா?" என்று அன்றைக்கு விரட்டிவிட்டவர், இப்போது கையில் ஒரு கேனோடு நின்றார்.

"ரொம்பப் பேசாம இதுல ஊத்துப்பா," என்றார்.

முதல் துணி சாம்பல் பூத்து வந்தது. அடுத்தது திட்டுத் திட்டாக இருந்தது. மாஸ்டர் கத்தினார், ப்ளான்ட் அண்ணன் பதிலுக்குக் கத்தினார். பாய்லர் ஓரக் கம்பியில் தினமும் ஒரு புது நீலம் காய்ந்தது. இரண்டு பேரும் ஒரே தட்டில் வடை தின்றபடி சண்டை போட்டார்கள்.

ஒரு மத்தியானம் மாஸ்டர் என் மேஜைக்கு வந்து இரண்டு துண்டுத் துணியைப் போட்டார். ஒரு மாசத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"எது பழசு, எது புதுசு? சொல்லு தாயி, பாப்போம்."

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கசக்கிப் பார்த்தேன். ரொம்ப நேரம் யோசித்து ஒன்றைத் தொட்டேன்.

"தப்பு!" என்று மேஜையில் ஓங்கி அடித்தார். என் கால்குலேட்டர் துள்ளிக் கீழே விழுந்தது. ஆபீஸே திரும்பிப் பார்த்தது. "தோத்துட்ட! நல்லாத் தோத்துட்ட!" என்று அவர் சிரிக்க, நானும் சிரிக்க, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோற்று அவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

நேவியின் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அந்தக் கம்பெனியும் முன்பு வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் வாங்கியது. ஆனாலும் ஒவ்வொரு துண்டிலும் ஏதோ மிஞ்சியது. மீதித் தறிகளை வெள்ளை நிறைத்தது. ப்ளான்ட் அண்ணனுக்கு முதலாளி இரண்டு ஆட்களைக் கொடுத்தார். "மூட்டை மலையா குமிஞ்சப்ப ஒரு ஆளத் தரல. மூட்டை கொறஞ்சப்ப ரெண்டு பேரா!" என்று அண்ணன் அதற்கும் சிரித்தார்.

புது விலையில் போன முதல் வெள்ளைக் கண்டெய்னர் கேட்டைத் தாண்டிய அன்றைக்கு முதலாளி எல்லோருக்கும் கறிதோசை வரவழைத்தார். பாய்லர் நிழலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாஸ்டர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பாதி தோசையில், "அடுத்து ஒருத்தன் கருப்பு கேட்டிருக்கான். அது நேவியவிடக் கூட உப்புத் திங்கும்," என்று மெதுவாகச் சொன்னார். ப்ளான்ட் அண்ணன் நெஞ்சில் கை வைத்து அப்படியே சுவரில் சாய்ந்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் மாஸ்டருக்குப் புரை ஏறி, முதலாளிதான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.