சிமென்ட் தெரிந்தவர்

கட்டிதட்டிப்போன மூட்டையைக் காலால் உருட்டி உதிர்த்துக்கொண்டே, "நேத்து எறங்குன லோடு" என்பார் துரைக்கண்ணு. செஞ்சியில் திண்டிவனம் சாலையில் சிமென்ட் கடை. சரக்கின் குறையைத் தன் வாயால் சொன்னதே இல்லை. அதற்குத் தொழில் சாமர்த்தியம் என்று பெயர் வைத்திருக்கிறார். இவரைக் கேட்டிருந்தால் கோட்டைச் சுவரையே இன்னும் கெட்டியாகக் கட்டியிருப்பார்களாம்.

மனைவி சுந்தராம்பாள் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டு முறிந்தது. விழுப்புரத்து மருத்துவமனையில், செயற்கை மூட்டு வைத்துச் சிமென்ட் போட்டுப் பொருத்த வேண்டும் என்றார்கள். துரைக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த கிரேடு மேடம்? நம்ம கடையிலயே இருக்குது."

மயக்க மருந்து டாக்டர் திரிசலா சிரிக்கவில்லை. "இது வேற சிமென்ட்டுங்க. எலும்புக்குள்ள அழுத்தும்போது உள்ள இருக்குற கொழுப்பு ரத்தத்துல கலந்து நுரையீரலுக்குப் போயிடலாம். பிரஷர் திடீர்னு எறங்கும். சில பேருக்கு இதயமே நின்னுடும். அம்மாவுக்கு மூச்சு வாங்குமா? இதய மாத்திரை எதுனா சாப்பிடுறாங்களா?"

"சேச்சே. கல்லு மாட்டம் இருக்கா."

மாதாமாதம் அந்த மாத்திரையை வாங்கி வருபவரே அவர்தான். இதயம் பலவீனம் என்றால் சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள், கடை பூட்டிக் கிடக்கும் என்பது பயம். மூட்டையை விற்கிற வாயாலேயே பெண்டாட்டியையும் விற்றார்.

"பொய்யும்மா," என்றாள் கட்டிலில் கிடந்த சுந்தராம்பாள். "தலகாணிய அடுக்கி வெச்சாதான் தூக்கம். மட்டமா படுத்தா மூச்சு முட்டுது. இந்த மனுசன்கிட்ட சொன்னா, ஃபேன் ஓடுதுல்லன்றாரு."

டாக்டர் முதலில் இதயத்தை ஸ்கேன் செய்ய வைத்தார். அறுவையின்போது ஒவ்வொரு துடிப்பிலும் பிரஷர் தெரியும்படி மணிக்கட்டு நாடியில் ஊசி பொருத்தினார். சிமென்ட் வைத்ததும் பிரஷர் விழத்தான் செய்தது. மருந்து தயாராக இருந்ததால் மீட்டுவிட்டார்கள். "அம்மா வாயத் தொறந்தது நல்லதாப் போச்சு" என்று மட்டும் துரைக்கண்ணுவிடம் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

அதற்கும் அவர் அடங்கவில்லை. வார்டில், "சிமென்ட்டு எறுகணும்னா தண்ணி காட்டணும், குடி குடி" என்று அவள் வாயில் பாட்டிலைச் சாய்த்தார். இதயக்காரிக்குத் தண்ணீர் அளவு உண்டு என்று நர்ஸ் பிடுங்கிக்கொண்டாள்.

வல்லத்திலிருந்து மைத்துனன் எழிலரசன் வந்தான். "இன்னா மாமா, அக்கா எப்டி இருக்குது?"

"நான் மொதல்லயே டாக்டருகிட்ட புட்டுப்புட்டு வெச்சுட்டேன்டா. ஹார்ட்டு வீக்கு, பாத்து செய்யுங்கன்னு. இல்லன்னா இன்னா ஆயிருக்கும்?"

சுந்தராம்பாள் கண்ணைத் திறக்கவில்லை. துரைக்கண்ணுவின் வாய் அளந்துகொண்டிருக்க, அவருடைய இரண்டு விரல்கள் ஊசி குத்தாத அவள் கையைப் பிடித்து நாடி தேடிக்கொண்டிருந்தன, எந்த நாடியும் தட்டுப்படாத புறங்கைப் பக்கமாக, விடாமல்.