பர்சீம் பட்டியும் வைக்கோல் பட்டியும்

அப்பாவுக்குத் தெரியாமலா இருந்தது? இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கச் சாலையில், குளிர்காலக் காலைகளில், பால்காரர்கள் சைக்கிளில் 'பர்சீம்' கட்டுகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்போதுதான் அறுத்த அந்தத் தழையின் பச்சை வாசனை ஜன்னல் வழியே வரும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பா தில்லியின் ஓரத்தில் இருந்த ஓர் அரசாங்க ஆட்டுப் பண்ணையில் மேற்பார்வையாளர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்குப் பண்ணைக்குள்ளேயே குவார்ட்டர்ஸ். ஒரு குளிர்காலத்தில் அங்கே ஒரு சோதனை நடந்தது. பால்குடி மறந்த செம்மறிக் குட்டிகளை இரண்டு பட்டிகளாகப் பிரித்து, ஒன்றுக்குக் காய்ந்த புல்லும் கோதுமை வைக்கோலும் மட்டும், மற்றதற்கு அதனோடு பர்சீமும் போட்டார்கள். பர்சீம் பயறு வகைத் தழை. வளரும் குட்டிக்குச் சதை பிடிக்க அது வேண்டும். பனி ஈரத்தோடு தின்றால் வயிறு உப்பிக்கொள்ளும் என்பதால், வெயிலில் பரப்பி வாடவிட்டுத்தான் போடுவார்கள். விடுமுறை நாட்களில் பரப்புகிற வேலை எனக்கு.

வீட்டிலும் எனக்கு அதுபோல ஒரு வேலை இருந்தது. என்னைவிட ஒரு வயது சின்னவனான தம்பிக்குச் சாயங்காலமே கறுப்புக் கொண்டைக்கடலையைக் கழுவி ஊறவைக்க வேண்டும். காலையில் அதை அவன் மட்டும் தின்பான். சாப்பாட்டு வேளையில் குழம்புச் சட்டியின் அடியில் தங்கிய பருப்பைத் துழாவி எடுத்து அம்மா அவன் தட்டில் போடுவாள். மேலே நிற்கிற 'தெளிவு' எனக்கு. கேட்டால், "ஏட்டி, அவன் வளருத புள்ளல்லா" என்பாள். நான் மட்டும் என்ன, வளர்ந்து முடிந்தவளா?

வாரம் ஒருமுறை குட்டிகளைத் துணித் தூளியில் இட்டுத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார்கள். பர்சீம் தின்றவை வாராவாரம் கனத்தன. மற்றவை முதுகெலும்பு தெரிய நின்றன. ஒரு நாள், குட்டிகளை நிறுக்கும் கிஷன் பையா குச்சி போன்ற என் கையைப் பார்த்துச் சிரித்தார். "அரே பிட்டியா, நீயும் தூளியில ஏறு. நீ வைக்கோல் பட்டிக் குட்டிதான்!" என்று இந்தியில் கேலி செய்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா தம்பிக்குச் சோதனையை விளக்கினார். "வைக்கோல் பட்டிக் குட்டியும் வயிறு நெறையத்தான் திங்கு. ஆனா வளத்தி இல்ல, பாத்தியா? வயிறு நெறையுதது வேற, வளருதது வேற." அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் சோற்றில் தெளிவு விழுந்தது.

"அப்பா, அப்போ கிஷன் பையா சொன்னது நெசந்தானே? எனக்கும் அடிப்பருப்பு போடச் சொல்லுங்க."

அம்மா கரண்டியை ஓங்கினாள். "பொட்டப் புள்ளைக்கு வாயப் பாரு! போற எடத்துல இப்படி அடுத்தவன் தட்டப் பாத்தா காறித் துப்புவாவ."

நான் அப்பாவையே பார்த்தேன். அவர் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "சாப்பிடுட்டி, ஆறிரும்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் பருப்புக்குப் பஞ்சமில்லை. சட்டியை ஒருமுறை நன்றாகக் கலக்கிவிட்டு ஊற்றியிருந்தால் போதும். இதுதான் எனக்கு ஆறவே இல்லை. கோடை பிறக்குமுன் பண்ணையில் சோதனை முடிந்தது. வைக்கோல் பட்டிக்கும் கடைசி அறுப்புப் பர்சீமைப் போட்டார்கள், அந்தக் குட்டிகளும் தேறின. எங்கள் வீட்டுச் சோதனையை மட்டும் யாரும் முடித்துவைக்கவில்லை. நான் கல்யாணமாகிப் போகும்வரை அது நடந்தது. முதல் பிரசவத்துக்கு முன் டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்லையே, இத்தனை நாள் என்ன சாப்பிட்டே?" என்று அதட்டியபோது, பக்கத்தில் நின்ற அம்மா, "எல்லாந்தான் சாப்பிடுவா" என்றாள். அம்மாவும் அவள் வீட்டில் தெளிவு குடித்தே வளர்ந்திருப்பாள் என்று சில நாள் மனம் இளகும். மறுநாளே அந்த நியாயம் எரிச்சலூட்டும். அநியாயமாகப் பேசுகிறேனோ என்றும் பயமாக இருக்கிறது.

பண்ணை இருந்த இடத்தில் இப்போது வரிசையாக அடுக்குமாடிக் கட்டடங்கள். பட்டிகளும் தராசும் போயின. அந்தப் பழக்கமும் போய்விட்டது என்றுதான் போன வாரம்வரை நினைத்திருந்தேன். என் வீட்டில் மகளுக்கும் மகனுக்கும் எல்லாம் சரிபாதி. ஆனால் போன வாரம் ஆறு வயது மகள் தன் முட்டையைத் தம்பியின் தட்டுக்கு நகர்த்தினாள்.

"ஏம்மா, பசிக்கலையா?"

"பூக் இருக்கு. ஆனா தம்பிதானே படா ஆகணும்."

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. அப்படித்தானே?"

பசியோடு இருக்கிறாள், தம்பிதான் பெரியவனாக வேண்டுமாம். அதட்டி ஊட்டினேன், தம்பியுடையதைப் பிடுங்கித் தின்றவள் மாதிரி அழுதுகொண்டே விழுங்கினாள். பள்ளியில் கேட்டாளா, பக்கத்து வீட்டில் பார்த்தாளா, என்னையும் அறியாமல் நானே கற்றுக்கொடுத்துவிட்டேனா, தெரியவில்லை. அதட்டாமல், அழவிடாமல், இதை அவள் மனத்திலிருந்து எடுப்பது எப்படி? பெண் குழந்தையை வளர்த்தவர்கள், இதை உங்கள் வீட்டில் கண்டவர்கள், அவளிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.