கிண்ணத்தைக் கவிழ்த்தவர்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் லாபு ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே பெரிய விஷயம். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மரவள்ளி போட்டுப் பன்றி வளர்த்த ஒரு கன்டனீஸ்கார அம்மாதான் எங்கள் வயிற்றை நிரப்பினார். சீனத்தம்மா என்போம். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, அப்பாவைப் பன்றிக் கொட்டகையில் ஒளித்து வைத்ததும் அவர்தான். வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்தாலே தட்டைத் தள்ளிவிடும் அப்பா, அங்கே பன்றிகளோடு முணுமுணுக்காமல் படுத்திருந்தார். ஆணி குத்திய காலுக்குச் சீனத்தம்மா தன் பூப்போட்ட சட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டார்.

அப்படியும் அப்பா சிப்பாய்களிடம் சிக்கிக்கொண்டார். மறுநாள் எங்களையெல்லாம் திடலில் நிறுத்தினார்கள். காட்டிலிருந்து ஜப்பான்காரனோடு சண்டை போடுகிறவர்களுக்கு யார் உதவுகிறார்கள் என்று காட்டிக்கொடுக்க ஓர் ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை. சீனத்தம்மாவின் ஒரே மகன் எதிரே வந்ததும் சாக்கு தலையாட்டியது. அவ்வளவுதான். அவனைக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

முகத்தை மூடியவர்களுக்குக் காலை மூடத் தோன்றவில்லை. சாக்குக்குக் கீழே காலில் அந்தப் பூப்போட்ட துணிக்கட்டை நான் பார்த்தேன். சீனத்தம்மாவும் பார்த்தார். சாக்கின் முன்னால் போய் நின்று, "சிக் வூன் மின், ஃபான் வூன் தாய்" என்றார்.

மாலையில் அப்பாவை விட்டுவிட்டார்கள்.

"சீனத்தம்மா என்ன சொன்னிச்சு?" என்று அம்மாவைக் கேட்டார். சீனத்தம்மாவோடு புல் வெட்டிப் பழகிய பாஷை அம்மாவுக்கு.

"கிண்ணத்துல இருந்தத தின்னுட்டு, கிண்ணத்தையே கவுத்துட்டியேன்னு. சோறு போட்டவங்களுக்குத் துரோகம் பண்ணவன அவங்க அப்படித்தான் சொல்வாங்க லா."

"தலையாட்டலன்னா என்னைய சயாமுக்கு ஏத்திருப்பான். அந்தப் பையன் காட்டுப் பக்கமே போனதில்ல. எனக்குத் தெரியாதா?"

அம்மா கஞ்சியை ஊற்றி வைத்தார். அப்பா தொடவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அப்பா வந்துவிட்டார், வேறென்ன வேண்டும்?

சில நாளில் சயாம் லாரி வந்தது. அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே போய் ஏறினார். அம்மா மண்ணில் விழுந்து கதறினார். அப்பா என்னைப் பார்த்துக் கையாட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

சயாமிலிருந்து அவர் திரும்பவில்லை. எங்கள் மேல் பாசம் இல்லாமல்தான் போனார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.