புல் வெட்ட ஒரு மிஷின்

பழைய மிஷின் பாதித் தோட்டத்தில் நின்றுபோனது. ஒரு பக்கம் புல் ஒட்ட வெட்டிக் கிடந்தது, மறுபக்கம் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்தது. சிவகாசியில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கருகல் வாடை வந்தால் யோசிக்கத் தெரியாது, கைதான் முந்தும். சுவிட்சை அணைத்தேன். வாசலில் எந்நேரமும் நிற்கும் மணல் வாளியைத் தூக்கி வந்து அப்படியே மிஷின் மேல் கவிழ்த்துவிட்டேன். அப்புறம் வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டார். மோட்டாருக்குள் இருக்கும் காயில் கம்பி மட்டும்தான் போயிருந்ததாம், மாற்றியிருக்கலாமாம். இத்தனை மண்ணைக் கொட்டிய பிறகு பழைய இரும்புக் கடைக்குத்தான் ஆகுமாம்.

பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னேன். நல்லதாகப் போயிற்று, புல்லை எடுத்துவிட்டு பேவர் பிளாக் கல் பதித்துவிடலாம் என்றான். தண்ணீர்ச் செலவும் இல்லை, பாம்பு பயமும் இல்லையாம். இந்த உப்புத் தண்ணீர் ஊரில் புல் வளர்ப்பது என்ன பைத்தியக்காரத்தனம் என்று அவனுடைய அப்பாவிடமே பலமுறை சண்டை போட்டவன் அவன். எல்லாவற்றுக்கும் பதில் கொடுத்தேன். நல்ல வாய்க்காரி என்று பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் பெயர் வாங்கியவள் நான். கடைசியாக அவன் ஒன்று சொன்னான்.

"தோட்டத்துல நீங்க தடுக்கி விழுந்து கெடந்தாக்கூட யாருக்கும் தெரியாதும்மா. இங்க வந்துருங்க, வீட்டப் பூட்டிப் போடுவோம்."

அதற்கு மட்டும், சாப்பிட்டியாப்பா என்று பேச்சை மாற்றினேன். தீபாவளிக்கு வருகிறேன், அதற்குள் புல் ஒழுங்காக இல்லாவிட்டால் கல் பதிக்க ஆளை வரச் சொல்லிவிடுவேன் என்றான். முதலில் புல் போகும், அடுத்து நான் போவேன் என்பது எனக்குப் புரிந்தது.

இந்தப் புல் என் வீட்டுக்காரர் வைத்தது. அவர் நாரணாபுரம் பக்கம் ஒரு பயர் ஆபீசில் போர்மேனாக இருந்தார். பட்டாசு ஆலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே வெடிமருந்து அறைகளைச் சுற்றி ஒரு புல் பூண்டு நிற்கக் கூடாது. காய்ந்த புல் தீயைக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே ஆயுசெல்லாம் அவர் பார்த்த வேலையில் பாதி, எங்கே பச்சை தலை காட்டுகிறதோ அங்கே ஆள் விட்டுப் பிடுங்குவது. வீடு கட்டியதும், சமையல்கட்டுக்கு முன்னால் எனக்கொரு கிணற்றடி வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்க, மனுஷன் மதுரையிலிருந்து வேன் வைத்துப் புல் பத்தைகளைக் கொண்டுவந்து இறக்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. அவர் கவலைப்படவே இல்லை, பரோட்டா வாங்கி வந்து எனக்கும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மிஷினைத் தள்ளுவார். கரண்டில் ஓடும் மிஷின், பின்னால் நீள வயர். வயர் பிளேடில் சிக்கிவிடக் கூடாதே என்று அதைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நான் பின்னாலேயே நடப்பேன். இரண்டு பேரும் இப்படித் தோட்டத்தை வளைய வருவதைப் பார்த்து எதிர்வீட்டில் கேலி பேசுவார்கள். பந்தக்கால் நடாமலே இன்னொரு தடவை கல்யாணமா என்பார்கள். அவர் போன பிறகு வயரைத் தோளில் போட்டுக்கொண்டு ஒத்தையில் வெட்டினேன். அது எத்தனை பெரிய தொந்தரவு என்று அதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பெரிதாக ஒரு சத்தம் கேட்டால் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடுவோம். புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்போம். நாரணாபுரமா, விஸ்வநத்தமா, வெம்பக்கோட்டைப் பக்கமா என்று தெரிந்ததும் அங்கே வேலை பார்க்கிறவர்களின் வீட்டுக்கெல்லாம் போன் பறக்கும். அவர் இருந்த காலத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்குப் பத்துப் போன் வரும். அண்ணாச்சி பேசினாகளா, அண்ணாச்சி நல்லா இருக்காகளா என்று. அவர் போன் எடுக்கும்வரை என் உயிர் என்னிடம் இருக்காது. ஆண்டவனே, இந்தப் பிழைப்பு என்றைக்கு முடியும் என்று எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன்.

முடிந்தது. நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அமைதியாகத்தான் போனார். சில மாதம் கழித்து ஒரு நாள் பகலில் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் மாடிக்கு ஓடினேன். புகையைப் பார்த்தேன். கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். நான் கூப்பிடவும் ஆள் இல்லை, என்னைக் கூப்பிடவும் ஆள் இல்லை. கழிவு மருந்தை எரித்த சத்தம்தான், யாருக்கும் ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. பயப்படுவதற்கு எனக்கென்று யாரும் இல்லாமல் போய்விட்டது. அது நிம்மதி என்றுதான் முன்பெல்லாம் நினைத்திருந்தேன். அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து அழுதேன்.

மிஷின் வாங்க விருதுநகருக்கு பஸ் ஏறினேன். பம்புசெட்டும் மருந்தடிக்கும் தெளிப்பானும் விற்கிற கடை. தோட்டம் எவ்வளவு இருக்கும் என்று முதலாளி கேட்டார். மூன்று வரிசை பந்தி போடலாம் என்றேன். அந்த அளவுதான் வம்பு பிடித்தது என்றார். மோட்டார் இல்லாமல் கையால் தள்ளும் மிஷினுக்கு அது பெரிசு, எனக்கு மூச்சு வாங்கிவிடும். உட்கார்ந்து ஓட்டுவதற்குச் சிறிசு. வயர் மிஷின் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், பிடிக்க ஆள் கிடையாது. பிளேடு கல்லில் பட்டால் பொறி பறக்குமா என்று கேட்டேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, "சிவகாசியாம்மா?" என்றார்.

மிஞ்சியது இரண்டு. ஒன்று பெட்ரோலில் ஓடுவது. கயிற்றை விசையாக இழுத்தால்தான் கிளம்பும். இழுத்துப் பார்த்தேன், பாதி தூரத்திலேயே தோள்பட்டை கத்தியது. வீட்டில் ஆம்பளையாள் யாராவது இருந்தால் நல்லது என்றார். அதோடு பெட்ரோலை வீட்டுக் காம்பவுண்டுக்குள் கொண்டுவருவதா? என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரையே தெருவில்தான் நிறுத்துவார். இன்னொன்று பேட்டரி. பொத்தானை அழுத்தினால் போதும், வயர் இல்லை, சத்தமும் இல்லை. அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டேன். பேட்டரிதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றான்.

"ஒத்தை ஆளுக்கு ஏத்ததும்மா இது" என்று முதலாளி பேட்டரி மிஷினைத் தட்டிக் காட்டினார்.

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. எதற்கும் இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கிடம் கொடுத்து அனுப்புகிறேன், புல்லில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார்.

மெக்கானிக் என் வயதுக்காரர். லோடு ஆட்டோவில் இரண்டு மிஷினையும் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தார். முதலில் பேட்டரியை ஓட்டினார். சொன்னதில் பொய்யில்லை. புல் வெட்டுப்படும் சரசரப்பு மட்டும் கேட்டது. அவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போனார், திரும்பி வந்தார். நான் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்படிச் சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் வருவேன் என்று நினைத்ததும் மேற்கொண்டு பார்க்கப் பிடிக்கவில்லை. இதுவே போதும், பெட்ரோல் மிஷினை இறக்க வேண்டாம் என்றேன். இவ்வளவு தூரம் கொண்டுவந்தாயிற்று, ஒரு இழுப்பு இழுத்துக் காட்டிவிடுகிறேன் என்று அவர் இறக்கினார்.

இரண்டாவது இழுப்பில் டமார் என்று ஒரு வெடி. நான் படியிலிருந்து எழுந்துவிட்டேன். அடுத்த நொடியில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பிக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே போனது. படுக்கப் போட்டுக் கொண்டுவந்ததில் ஆயில் உள்ளே இறங்கிவிட்டது, அது எரிகிற புகைதான், பயப்படாதீர்கள் என்று மெக்கானிக் கத்திச் சொன்னார். எனக்குக் கேட்டது. தெருவுக்கு எப்படிக் கேட்கும்?

போர்மேன் வீட்டில் வெடிச்சத்தம், வீட்டுக்கு மேலே புகை. சிவகாசிக்காரனுக்கு வேறென்ன தோன்றும். எதிர்வீட்டுக்காரர், காலண்டர் அச்சகம் வைத்திருப்பவர், ஒரு கையில் மணல் வாளியோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி தலையில் எண்ணெய் வடிய ஓடி வந்தாள். பின்பக்கச் சுவர் வழியாக ஒருத்தி குதித்து வந்தாள். என் வீட்டுக்காரரின் ஆபீசில் வெடிக்குத் திரி வைக்கிறவள், பின் தெருவில் இருக்கிறாள். கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஈரச்சாக்கு. மிஷினையோ மெக்கானிக்கையோ அவள் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து சாக்கை என் மேல் போர்த்திவிட்டாள்.

"யம்மா, நல்லா இருக்கீகளா? எங்கன பட்டிருக்கு?" என்று என் கையையும் காலையும் புரட்டிப் பார்த்தாள்.

அந்த அழுக்குச் சாக்குக்குள் நின்றுகொண்டு நான் அழுதேன். பயந்துவிட்டேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அது நல்லதாகப் போயிற்று.

புகை அடங்கி, விஷயம் தெரிந்து, எல்லோரும் சிரித்து முடித்ததும் டீ போட்டேன். அவர் போன பிறகு பெரிய பாத்திரத்தில் டீ போட்டது அன்றைக்குத்தான். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பிறகு எதிர்வீட்டம்மா என் வாசல்படி ஏறியதும் அன்றைக்குத்தான். விரோதமெல்லாம் இல்லை. ஆர்டர், சீசன், பேரப்பிள்ளை என்று ஆளாளுக்கு ஓட்டம். வருவதற்கு அவர்களுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கிறது. திரி வைக்கிறவள், போர்மேன் ஐயா தங்களை எப்படித் திட்டுவார் என்று நடித்துக் காட்டினாள். அப்படியே அவர் குரல்.

மகன் போன் செய்தான். எதிர்வீட்டுக்காரர் ஓடி வரும்போதே அவனுக்குச் சொல்லிவிட்டிருக்கிறார். எடுத்ததுமே அம்மா, அம்மா என்று கத்தினான். ஒன்றுமில்லை, மிஷின் சத்தம் என்றேன். பிறகு மெதுவாக, "விழுந்து கெடந்தா யாருக்கும் தெரியாதுன்னியேப்பா. இங்கன நாலு பேரு நிக்காக, பேசுறியா?" என்றேன். எதிர்வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்தேன்.

எல்லோரும் போன பிறகு மெக்கானிக் பெட்ரோல் மிஷினை ஆட்டோவில் ஏற்றப் போனார். அது இருக்கட்டும், பேட்டரியை ஏற்றுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதோட கயித்த உங்களால இழுக்க முடியாதேம்மா."

"தெரியும்ப்பா. அதுக்குத்தான் கேக்கேன்."

தீபாவளிக்கு வந்த மகன், புல்லையும் பார்த்தான், தெருவில் நிற்கும் பெட்ரோல் கேனையும் பார்த்தான். கல் பதிக்கிற பேச்சை எடுக்கவில்லை. பெங்களூருக்கு வரச் சொல்வதை மட்டும் அவன் விடவில்லை, நானும் சரி சரி என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஷினை வெளியே தள்ளி வைத்துவிட்டுச் சுவரோரம் போய்க் குரல் கொடுப்பேன். எதிர்வீட்டுக்காரர் வந்து கயிற்றை இழுத்துவிட்டு, இதற்குப் பேட்டரி வாங்கியிருக்கலாமே மதினி என்று சலித்துக்கொண்டு டீ குடிப்பார். அவர் இல்லாவிட்டால் திரி வைக்கிறவள் சுவர் ஏறி வருவாள். இரண்டு பேரும் இல்லாத ஞாயிறும் உண்டு. சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும்.

போன வாரம் அப்படி ஒரு ஞாயிறு. வெகுநேரம் நின்று பார்த்தேன், தெருவே காலியாக இருந்தது. சும்மா இருக்காமல் ஒரு காலை மிஷினில் ஊன்றி, கயிற்றைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன். மிஷின் சட்டென்று பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. தோள் வலிக்கக்கூட இல்லை. எனக்குத் திக்கென்றது. உடனே அணைத்துவிட்டேன். யாராவது பார்த்துவிட்டார்களா என்று எதிர்வீட்டையும் பின் சுவரையும் எட்டிப் பார்த்துவிட்டு, மிஷினைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு போய் வைத்தேன். இந்த வாரம் புல் கொஞ்சம் உயரமாகத்தான் நிற்கிறது.