நாலாவது சீட்

சிறுவர் ஞாயிறன்று என் பத்து வயதுப் பேத்தி தாராவி சபையில் முதல் பிரசங்கம் செய்யவேண்டியிருந்தது. பிறரை நேசிப்பது பற்றி அவளாகவே யோசித்து எழுதி வந்தாள்: லோக்கல் ரயிலில் மூவர் இருக்கையில் நெருங்கி உட்கார்ந்து நாலாவது ஆளுக்கும் இடம் விடுகிறார்களே, அதுதான் அன்பு.

“பிரசங்கத்துல போய் ட்ரெயினா, ஏட்டி?” என்று அதை அடித்துவிட்டு, கிரேக்கச் சொல்லாராய்ச்சியோடு நானே எழுதினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அத்தனை பெருந்தன்மை எனக்கு.

ஒன்றும் புரியாமல், பிழையில்லாமல் ஒப்பித்தாள். சபையார் வந்து என் கையைக் குலுக்கினார்கள்.

“அடுத்த வருசம் நீங்களே பேசிருங்க, தாத்தா,” என்றாள்.

பாண்டுப்பிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் நல்ல கூட்டம். அவள்தான் நகர்ந்து எனக்கு நாலாவது இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்குக் கிரேக்கத்திலும் சொல் வரவில்லை.