என் கல்யாண ஓலையை அப்பா வாசித்த ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, சாட்சி சொல்ல எழுந்தாலே நான் அழுதுவிடுகிறேன் என்று போதகர் ஐயா இதை எழுதித் தரச் சொல்லிவிட்டார். எழுதும்போதும் அழுகைதான் வருகிறது. ஆனால் அதை நீங்கள் பார்க்கப்போவதில்லை, அந்த மட்டும் நிம்மதி.

போன நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை என் கல்யாண ஓலை வாசிக்கப்பட்டது. அதை என் அப்பா ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் செல்போனில் கேட்டார். எனக்குக் கல்யாணம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதன் கனம் உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, இந்த விவாகத்துக்கு யாருக்காவது தடை உண்டானால் சொல்லலாம் என்று கேட்பார்கள். அதைத்தான் ஓலை என்போம். பெண்ணின் சபை, மாப்பிள்ளையின் சபை இரண்டிலும் வாசிக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சபையில் அதை வாசிப்பவர் யார் தெரியுமா? என் அப்பா. அவர்தான் அங்கே உபதேசியார், குருவானவருக்குத் துணையாகச் சபையை நடத்துபவர். ஊரில் பாதிப் பேருடைய ஓலை அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

நான் திருகோணமலைக்கு வந்தது ஊழியத்துக்கு. இரண்டு வருஷம், சம்பளம் இல்லாத தன்னார்வ வேலை. அன்புவழிபுரத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பேன். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிக் குச்சவெளிக்குப் போய், மீனவக் குடும்பங்களோடு உட்கார்ந்து ஜெபிப்பேன். என்னை வழியனுப்பியபோது அப்பா சபையார் முன்னால் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். "ஒரு கிறிஸ்மஸுக்கு நாங்க அங்க வந்து பாக்கோம்" என்று சொல்லி, அவரும் அம்மாவும் பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்தார்கள்.

முதல் வருஷம் அவர்கள் வரவில்லை. அந்தக் கிறிஸ்மஸுக்கு, இங்கே நத்தார் என்பார்கள், நான் தனியாகக் குசினியில் நின்று எங்கள் ஊர்ப் பண்டிகைப் பலகாரமான முந்திரிக்கொத்து செய்தேன். பாதி கருகிவிட்டது. அம்மா ஞாபகம் வந்து அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். இங்கே எனக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் ரீட்டா அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தார். சட்டியை எட்டிப் பார்த்தவர், "இதென்ன, எங்கட பயத்தம் பணியாரமெல்லோ! இதுக்கோ அழுறீங்கள்?" என்று சிரித்தார். கருகியதையெல்லாம் தட்டில் அள்ளிக்கொண்டு போய்த் தம்பிக்குக் கொடுத்தார். தம்பி அவ்வளவையும் தின்றுவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லி அனுப்பினார். அந்தத் தம்பிதான் சீலன். துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறவர். தாய் தகப்பனைச் சிறு வயதில் இழந்தவர், அக்கா கையில் வளர்ந்தவர். எங்கள் சபையில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குவதும் அவர்தான்.

இதற்குமேல் எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். கருகிய முந்திரிக்கொத்தை நல்லாயிருக்கு என்று சொல்பவரை ஒரு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நவம்பரில் அவர் கேட்டார். நான் ஜெபித்துவிட்டு ஓம் என்றேன். அதற்குள் எனக்கு 'ஆம்' என்பது 'ஓம்' ஆகியிருந்தது.

இனி என் தப்புக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போதகர் ஐயாவைப் பார்த்துச் சொன்னோம். எங்கள் ஊரில் என்றால் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி, நிச்சயம் செய்து, எழுதிக் கொடுத்த பிறகுதான் ஓலை. அதற்கு மாதக்கணக்காகும். ஆகவே, ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு நிதானமாக அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். ஐயாவோ அப்போதே எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு, மறுநாளே வாசித்துவிட்டார். என் விசா ஜனவரி முதல் வாரத்தோடு முடிகிறதே என்ற நல்லெண்ணம்தான் அவருக்கு. எங்கள் ஆராதனை நேரலையில் போகும். நான் பாடுவதைப் பாருங்கள் என்று அந்த இணைப்பை எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் அனுப்பி வைத்திருந்தது யார்? நானேதான். பெருமைக்கு மருந்து கர்த்தரிடம் இருக்கிறது.

ஆராதனை முடிந்து நான் கூப்பிடுவதற்குள் அப்பாவே கூப்பிட்டார். அவர் ஒரே மூச்சில் சொன்னது இதுதான்:

"எத்தனை பேருக்கு நான் ஓலை வாசிச்சிருக்கேன். எம் மவ ஓலைய நான் அடுத்த வீட்டு செல்போன்ல கேக்கணுமா? நீ ஊழியத்துக்குப் போனியா, மாப்பிள்ள பாக்கப் போனியா?"

வைத்துவிட்டார். அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை. அம்மா மட்டும் கொல்லையில் நின்று ரகசியமாகப் பேசுவார். "ஏட்டி, அப்பா சரியா சாப்பிட மாட்டேங்காரு. ஊர்ல ஆளாளுக்குக் கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

கல்யாணத்தை நத்தார் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமைக்கு வைத்திருந்தோம். போதகர் ஐயா என்னை உட்கார வைத்துச் சொன்னார். "பிள்ளை, உங்கட சபையில மூண்டு தரம் வாசிச்ச காயிதம் வராமல் நான் கட்டி வைக்க ஏலாது. அப்பாவை மீறியும் செய்யமாட்டன்." அவர் சொன்னது நியாயம். விசா முடிந்தால் நான் ஊருக்குப் போயே ஆகவேண்டும். போனால் பிறகு இந்தக் கல்யாணம் நடக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

டிசம்பர் முதல் ஞாயிறு வந்தது. ஊரில் அப்பா ஓலை வாசிக்கவில்லை. இரண்டாம் ஞாயிறும் தவறினால் மூன்று வாசிப்புக்கு நாள் இல்லை. அந்த வாரம் முழுக்க மழை. கரோல் பாட வீடு வீடாகப் போனோம். பிள்ளைகள் குடைக்குள் நின்று துள்ளித் துள்ளிப் பாடினார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். கர்த்தாவே, அப்பா மனசை மாற்றும், அப்பா மனசை மாற்றும் என்று உள்ளுக்குள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பாதி நாள் உபவாசம். பசியில் வந்த கோபத்தையும் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கரோல் முடிந்து திரும்பும்போது சீலன் என் பக்கத்தில் நடந்து வந்தார்.

"ஜெபா, ஒண்டு கேக்கட்டோ? கோவிக்கக்கூடாது."

"கேளுங்க."

"அப்பாட்ட நீங்கள் மன்னிப்புக் கேட்டனீங்களோ?"

"எத்தனை தடவை மெசேஜ் அனுப்பியிருக்கேன், உங்களுக்குத் தெரியாதா?"

"விளங்கப்படுத்தினனீங்கள், அது தெரியும். மன்னிப்புக் கேட்டனீங்களோ?"

எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு அப்பாவுக்கு அனுப்பியிருந்த குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். பதினொன்று இருந்தன. பதினொன்றிலும் நான் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருந்தேன். ஐயா அவசரப்பட்டுவிட்டார், நான் அன்றைக்கே சொல்லத்தான் இருந்தேன், சீலன் நல்லவர், நீங்கள்தான் புரிந்துகொள்ளவில்லை. ஒன்றில்கூட என் தப்பு இல்லை. முழங்கால் போட்டேன். அன்றைக்குத்தான் என் ஜெபம் மாறியது. கர்த்தாவே, முதலில் என் மனசை மாற்றும் என்று கேட்டேன்.

பிறகு பன்னிரண்டாவது பதிவை அனுப்பினேன். "அப்பா, உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு. ஊர் முன்னால உங்களத் தலைகுனிய வச்சிட்டேன். மன்னிச்சிருங்க. நீங்க வாசிக்கலன்னா நான் கல்யாணம் பண்ண மாட்டேன், ஊருக்கு வந்துருவேன். உங்க மேல கோபமும் வைக்க மாட்டேன்." அவ்வளவுதான். சீலனிடமும் அதைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. ஆனாலும் "அதுதான் சரி" என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று இன்னும் தோன்றியது. ஆனால் கட்டிக்கொள்வது என் கையில் இல்லை. வெள்ளி போனது, சனி போனது. பதில் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், எனக்குள் இருந்த அந்தப் படபடப்பும் போயிருந்தது.

ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன், சபை மண்டபத்தில் நத்தார் நாடகத்துக்கு ஒத்திகை. ஆட்டுக்குட்டியாக நடிக்கும் பிள்ளைக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து அழைப்பு. எடுத்தால் பேச்சில்லை. பின்னால் ஆர்மோனியச் சத்தம். எங்கள் ஊர்ச் சபை! அம்மா போனைப் போட்டுவிட்டு வேதாகமத்துக்கு அடியில் வைத்திருக்கிறார் என்று புரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரையில் மழை கொட்டியது. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடினேன். சீலனும் வந்து பக்கத்தில் நின்றார்.

அப்பாவின் குரல். என் பெயரை வாசித்தார். உபதேசியாரின் குமாரத்தி என்று தன்னைத்தானே வாசித்தார். சீலனின் பெயரை, ஓர் எழுத்துத் தவறாமல், திருகோணமலைச் சபையைச் சேர்ந்தவர் என்று வாசித்தார். இந்த விவாகத்துக்கு யாருக்காவது தடை உண்டானால் என்று தொடங்கி, அப்படியே நின்றுவிட்டார்.

தொடர்பு அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். அறுந்திருக்கவில்லை. யாரோ இருமுவது கேட்டது. பிறகு ஓலைப் பாஷையை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிறது போல அப்பா பேசினார்.

"தடை ஒண்ணு இருந்துச்சு. அது என்கிட்டதான் இருந்துச்சு. எம் மவ மன்னிப்புக் கேட்டுட்டா. நான் கர்த்தர்கிட்ட கேட்டுட்டேன். இப்போ தடை இல்ல. இது முதல் ஓலை."

நான் ஆட்டுக்குட்டிப் பஞ்சோடு தரையில் உட்கார்ந்து கத்தி அழுதேன். பிள்ளைகள் பயந்துபோய் ரீட்டா அக்காவை இழுத்து வந்தார்கள். சீலன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழை சாரல் என்று பிறகு சொன்னார். மண்டபத்துக்குள் என்ன சாரல்?

அன்று மத்தியானம் அப்பா கூப்பிட்டார். பழசை ஒரு வார்த்தை பேசவில்லை. "மாப்பிள்ளைக்குச் சாப்பாட்டுல எது பிடிக்கும்னு அம்மா கேக்கா" என்றார். ரீட்டா அக்கா என் கையிலிருந்து போனைப் பறித்து, "ஐயா, பெடியன் கருகினதையும் தின்னுவான், யோசிக்காதேங்கோ" என்றார். அந்தப் பக்கம் அப்பா சிரித்தது எனக்குக் கேட்டது. ஊரில் ஒருவர் அப்பாவிடம், மாப்பிள்ளை என்ன ஆளுக என்று விசாரித்தாராம். "இயேசுவோட ஆளு. வேற என்ன தெரியணும்?" என்று அப்பா கேட்டாராம். அம்மா இதை என்னிடம் நான்கு தடவை சொல்லிவிட்டார்.

அந்த வருஷ நத்தார் போல ஒரு பண்டிகையை நான் கண்டதில்லை. நோன்புப் பெருநாளுக்கு எங்களுக்கு வட்டிலப்பம் என்ற இனிப்பு அனுப்பிய கிண்ணியா ஹனீபா நானாவின் வீட்டுக்கு நானும் ரீட்டா அக்காவும் கேக் கொண்டுபோனோம். நானா என்றால் அண்ணன். சொந்தமாக வான், நம் ஊர்ப் பேச்சில் வேன், ஓட்டுபவர் அவர். என் கதையைக் கேட்டதும், "வாப்பாவையும் உம்மாவையும் கொழும்பில இருந்து ஏத்திட்டு வாறது என்ட பொறுப்பு" என்றார். ஏனென்றால் காகிதத்தைத் தபாலில் போட மாட்டேன், நானே கையில் கொண்டுவருவேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

கடைசி ஞாயிறு அப்பா மூன்றாம் ஓலையை வாசித்து, குருவானவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அம்மாவோடு விமானம் ஏற மதுரைக்குப் புறப்பட்டார். திங்கள் காலை கொழும்பில் இறங்கினார்கள். வழியில் வெள்ளம் ரோட்டை மறித்தது. நானா சுற்று வழியாக வந்தார். இங்கே சபையார் எல்லாரும் ஜெபத்தில் இருந்தார்கள். மாலை வெளிச்சம் மங்குமுன் வான் வந்து நின்றது. அப்பா இறங்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார், அதற்குள் இன்னோர் உறை, அதற்குள் அந்தக் காகிதம். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதை என் கையில் தரவில்லை. சீலனைத் தேடிப்போய் அவர் கையில் கொடுத்து, தோளில் தட்டினார். நான் மகள், ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஆனால் ஸ்தோத்திரம்!

செவ்வாய்க்கிழமை மழை விட்டு வெயில் வந்தது. ஊருக்குள்ளேயே திரியும் திருகோணமலை மான்கள் வாசலில் கட்டிய தோரணத்தில் பாதியைத் தின்றிருந்தன. "இங்க மானுக்கும் கல்யாணச் சாப்பாடா!" என்று அம்மா வியந்துபோனார். அம்மா கொண்டுவந்த முந்திரிக்கொத்து டப்பாவை, தம்பி அவ்வளவையும் தின்றுவிடுவார் என்று ரீட்டா அக்கா எடுத்து ஒளித்துவைத்தார். அப்பா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அதே பக்கத்து வீட்டு அக்காவின் செல்போனைச் சுற்றிச் சபையே உட்கார்ந்திருந்ததாம்.

கல்யாண ஆராதனையிலும் அந்தக் கேள்வியை ஒரு முறை கேட்பார்கள். போதகர் ஐயா கேட்டார். "இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது நியாயம் உண்டா?" இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. சும்மா இருப்பதுதான் வழக்கம். வருஷக்கணக்காக அந்தக் கேள்வியைக் கேட்டே பழகிய என் அப்பாவுக்கு அது தெரியாதா? ஆனாலும் முதல் வரிசையில் எழுந்து நின்றார். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"ஒரு தடையும் இல்ல ஐயா!" என்றார், அவர் ஊர்ச் சபையில் பேசுகிற அதே கனத்த குரலில். சபையே கைதட்டியது.

கல்யாணத்துக்குப் பிறகு என் விசாவும் நீண்டது; இன்று சீலனும் நானும் சேர்ந்து குச்சவெளிக்கு பஸ் ஏறுகிறோம். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் அப்பா கூப்பிடுகிறார். என்னிடம் இரண்டு நிமிஷம், மருமகனிடம் அரை மணி நேரம். எனக்குள் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. யாரையாவது நோகடித்துவிட்டேன் என்று தெரிந்தால், இப்போது விளக்கம் சொல்வதற்கு முன் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்கிறேன்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் யாராவது பேசாமல் இருக்கிறார்களா? அவர்கள் மனசுக்காக ஜெபித்துக் களைத்துவிட்டீர்களா? ஒரே ஒரு தடவை உங்கள் மனசுக்காக ஜெபித்துப் பாருங்கள். பிறகு உரியவரிடம் போய், தப்பு என்னுடையது என்று சொல்லுங்கள். மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். வாயே திறக்க மாட்டேன் என்றிருந்த என் அப்பாவை, யாரும் பதில் சொல்லாத கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்ல வைத்தவர் அவர்.